கல் கட்டாத சாம்பல்

பாய்லர்காரருக்கு ஆகவே ஆகாத பொருள் ஒன்று உண்டென்றால் அது கடப்பாரைதான். வேடிக்கை என்னவென்றால், பதினோரு வருடமாக அது அவர் கையை விட்டு இறங்கியதே இல்லை. மனைவி நடத்தும் நீராவிச் சலவைக்கூடத்தின் பின்பக்கம் பாய்லர் அறை. அங்கே எரிப்பது மட்டரக நிலக்கரி. எரிந்து முடிந்தால் பேசாமல் சாம்பலாக உதிர்ந்துவிட்டுப் போகலாம் அல்லவா? போகாது. சூட்டில் சாம்பலே உருகி, அடுப்பின் கம்பித்தட்டில் பாகாக ஓடி, ஆறியதும் கல்லாகிவிடும். காற்று வரும் வழியை அடைத்துக்கொள்ளும். தினமும் மாலையில் அடுப்பை அணைத்து, கதவைத் திறந்து, அந்தக் கல்லைக் குத்திப் பெயர்த்தால்தான் மறுநாள் நீராவி. பெயர்த்தபின் பதிவேட்டில் தேதி போட்டு, 'குறிப்பு' என்ற கட்டத்தில் 'கல் உடைத்து எடுக்கப்பட்டது' என்று எழுதுவார். பதினோரு வருடத்துப் பதிவேடுகளைப் புரட்டினாலும் அந்தக் கட்டத்தில் வேறு வாக்கியம் அகப்படாது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அவருடைய தங்கை ஒருநாள் காலையில் இருபது மூட்டையோடு வந்து நின்றாள்.

தங்கையை ஊரில் குப்பைராணி என்பார்கள். வேதியியல் படித்தவள், உரக்கம்பெனி ஒன்றின் மண் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடம் வெள்ளை அங்கி போட்டு வேலை பார்த்தவள். அதை உதறிவிட்டு நகராட்சிக் குப்பைமேட்டின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டாள். தெருவில் கூட்டிய சருகு, மாட்டுக்கடியில் போட்டு நைந்த வைக்கோல், வேர்க்கடலைத் தோல் இதெல்லாம்தான் அவளுடைய சரக்கு. அடுப்பு வைத்திருக்கிற எவனும் இதைச் சீந்தமாட்டான். எரித்தால் கொஞ்சம் தீ, நிறையப் புகை, அதைவிட நிறையச் சாம்பல். அதனால் நகராட்சியே அதைக் குவித்துத் திறந்தவெளியில் கொளுத்தும். தங்கை அதைத் தொட்டியில் அலசி, காயவைத்து, காற்றுப் புகாத டிரம்மில் போட்டுக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வறுத்து, இயந்திரத்தில் அழுத்தி விரல்நீள உருளைகளாக ஆக்குவாள். பெல்லட் என்று பெயர். நிலக்கரிக்குப் பதில் இதை எரிக்கலாம் என்பது அவள் கட்சி.

அண்ணனுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. யாராவது "தங்கச்சி என்ன பண்றா?" என்று கேட்டால் "நகராட்சியில" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வார். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. குப்பையில் கைவைத்து நிற்கிறாள் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"எட்டு மணி நேரம் எரிச்சுக் காட்டுன்னு சுகாதார அதிகாரி சொல்லிட்டார்ணா," என்றாள் தங்கை. "நடுவுல அடுப்பத் திறந்து கல் உடைக்கக் கூடாது. அழுத்தமானி முள்ளு சிவப்புக் கோட்டுக்குக் கீழ இறங்கக் கூடாது. தேறிட்டா குப்பைமேடு மொத்தமும் என் பொறுப்பு. கொளுத்துறதயே நிறுத்திடுவாங்க. தேறலன்னா மாசக் கடைசியில கொட்டகையப் பிரிக்கணும்."

"அவர் முன்னாடி எரிக்கறதுக்கு முன்னால இங்க ஒரு தடவை எரிச்சுப் பாக்கணும்ங்கற."

"வேற யார் பாய்லரத் தருவா?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே ஆட்சி மனைவியுடையது. கூடத்தில் அவளைச் சலவையம்மா என்பார்கள். இரண்டு பெரிய மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் அவள் கையால்தான் வெளுத்துப் போகின்றன. அவளுக்கும் நாத்தனாருக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். சண்டை என்று சொல்லமுடியாது. ஒருத்தி வாயைத் திறந்தால் மற்றவள் மூக்கின் நுனி சிவக்கும், அவ்வளவுதான்.

"எரிக்கட்டும்," என்றாள் சலவையம்மா. "ஆனா என் வேலை நின்னுதுன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

வேலை நின்றது. முதல் மணி நேரம் தீ அழகாகத்தான் எரிந்தது. இரண்டாவது மணியில் தீயின் நடுவே ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தது. மூன்றாவது மணியில் முள் சரசரவென்று இறங்கி, தேய்ப்பு இயந்திரங்கள் பாதி விரிப்போடு நின்றுவிட்டன. கதவைத் திறந்து பார்த்தால் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கல். பச்சைக் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. நிலக்கரிகூட சாயங்காலம் வரை பொறுக்கும். இது மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடப் பொறுக்கவில்லை. பாய்லர்காரர் வியர்க்க வியர்க்கக் கடப்பாரையால் குத்தினார்.

தங்கை மூலையில் நின்று பரிசோதனைக்கூடத்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சாம்பல் கம்மி, உப்புக் கம்மின்னு ரிசல்ட் வந்திருக்கேண்ணா. இப்படி ஆகக் கூடாதே."

"சீட்டையே எரிச்சிருக்கலாம்," என்று வாசலிலிருந்து சலவையம்மாவின் குரல் வந்தது. "இனி உங்க தங்கச்சி மூட்டை இந்த வாசலத் தாண்டக் கூடாது. சொல்லிட்டேன்."

தங்கை கல்லில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பதில் பேசியிருந்தால் அண்ணனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பேசாமல் போனதுதான் அன்று முழுவதும் அவர் நெஞ்சில் முள்ளாய் உறுத்தியது. வெட்கமாகவும் இருந்தது. தோற்றதற்காக அல்ல, மூட்டைகளை இறக்கும்போதே இது தேறாது என்று தான் மனதுக்குள் நினைத்ததற்காக.

நான்கு நாள் கழிந்தது. ஐந்தாம் நாள் மாடியில் காய்ந்த விரிப்புகளை எடுக்கப் போன சலவையம்மா அங்கிருந்தே கத்தினாள். வெள்ளை விரிப்பு முழுக்கக் கறுப்புப் பொட்டு. குப்பைமேட்டில் கொளுத்திய கரி காற்றில் மிதந்து வந்து இறங்கியிருக்கிறது. மாதத்தில் நான்கு தடவையாவது இது நடக்கும். அன்றைக்கு நூற்றிருபது விரிப்பு. ஒன்றை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நாத்தனாரைத் தின்றுவிடுவாளோ என்று பயந்து, பாய்லர்காரர் அடுப்பை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

கொளுத்திக்கொண்டிருந்த நகராட்சி ஆள் அந்த விரிப்பைப் பார்த்துப் பின்வாங்கினான். "நான் என்னம்மா பண்றது? குவிஞ்சா கொளுத்துன்னு உத்தரவு. அந்தக் கொட்டகைக்கார அம்மா எடுக்கறதால இவ்வளவோட நிக்குது. அவங்க போயிட்டா இதுபோல ரெண்டு மடங்கு கொளுத்தணும்."

சலவையம்மா நின்றாள். இரண்டு மடங்கு என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் கோபத்துக்கு எப்போதும் ஒரு திசை வேண்டும். அது இப்போது கொட்டகைப் பக்கம் திரும்பியது.

தங்கை மூன்று சிமெண்ட் தொட்டிகளுக்கு நடுவே நின்று சருகை வலைக்கூடையில் அள்ளி முக்கிக்கொண்டிருந்தாள். முதல் தொட்டி, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. நாலு நாள் தூக்கம் கெட்ட முகம். அண்ணியைக் கண்டதும் கூடையைக் கீழே வைத்தாள்.

"திட்டறதுன்னா திட்டிடுங்க அண்ணி. நானே என்னத் திட்டிட்டு ஓஞ்சுபோய்த்தான் இருக்கேன்."

"திட்றது இருக்கட்டும். எதுக்கு இதப் போட்டு இந்த அலசு அலசற?"

"இதுல இருக்கற உப்புதான் அண்ணி எதிரி. செடி மண்ணிலேர்ந்து உறிஞ்சி வச்சிருக்கும். அந்த உப்பு இருந்தா சாம்பல் சீக்கிரம் உருகிக் கல்லாயிடும். தண்ணியில அலசினா உப்பு கரைஞ்சு போயிடும், மண்ணும் அடியில தங்கிடும். மூணு தடவை அலசறேன். ஆனாலும் கல்லு கட்டுது. ஏன்னுதான் புரியல."

சலவையம்மா தொட்டிகளைப் பார்த்தாள். மூன்றிலும் தண்ணீர் ஒரே நிறம், கொதித்துக் கொதித்துக் கறுத்த தேநீர் மாதிரி.

"இந்தத் தண்ணி எப்பப் பிடிச்சது?"

"திங்கக்கிழமை." தங்கையின் குரலில் அந்த நிலையிலும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "வாரம் பூரா இதேதான். ஒரு சொட்டு வீணாக்கறதில்ல. இங்க குழாய் ஒரு மணி நேரம்தான் வரும்."

பாய்லர்காரருக்கு அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று தெரியும். அவர்கள் வளர்ந்த வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரில்தான் தரை துடைப்பார்கள். தண்ணீரைக் கொட்டுவது அந்த வீட்டுப் பிள்ளைகளால் ஆகாத காரியம். இன்றைக்கும் அவர் குடித்து மீந்த அரை டம்ளரைச் செடியில்தான் ஊற்றுவார்.

சலவையம்மா இடுப்பிலிருந்த கைக்குட்டையை எடுத்தாள். மூன்றாவது தொட்டியில், கடைசி அலசல் தொட்டியில், அதை முக்கினாள். பிழிந்தாள். அருகில் சூடாக இருந்த வறுக்கும் டிரம்மின் மேல் விரித்தாள். கைக்குட்டை ஆவி விட்டு உலர்ந்தது. எடுத்து உதறினால் மடங்கவில்லை. அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு, ஓரமெல்லாம் பழுப்புப் பட்டை, நடுவில் விரலில் ஒட்டும் வெள்ளைப் பொடி.

"நாக்குல வச்சுப் பாரு."

தங்கை வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"நீ அலசவே இல்ல ராணியம்மா," என்றாள் அண்ணி. குரலில் கேலி இருந்தது, கடுமை இல்லை. "முதல் தொட்டியில கழட்டற உப்ப மூணாவது தொட்டியில திருப்பிப் பூசி அனுப்பற. நான் இப்படி ஒரு விரிப்ப அலசிக் கொடுத்தா மருத்துவமனையில செருப்பால அடிப்பாங்க."

"அதான் சீட்டுல நல்ல ரிசல்ட்டு..." தங்கை தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "பரிசோதனைக்குக் கொடுத்த ஒரு பிடிய நல்ல தண்ணியில அலசினேன் அண்ணி. ஒரு பிடிதானேன்னு. பன்னெண்டு வருஷம் மண்ணுல உப்புப் பாத்தவ நான். தொட்டித் தண்ணியில பாக்கத் தோணல."

"ஆனா தண்ணி ஏது?" என்று பாய்லர்காரர் குறுக்கே புகுந்தார். "குழாய் ஒரு மணி நேரம்தானே?"

"குழாய்ல வர்ற அந்த ஒரு மணி நேரத் தண்ணியே போதும். நடக்கற திசைதான் தப்பு." சலவையம்மா சேலையைச் செருகிக்கொண்டு தொட்டிக்கு நடுவே வந்தாள். "எங்க கூடத்துல துணி முன்னால போகும், தண்ணி பின்னால வரும். நல்ல தண்ணிய மூணாவது தொட்டியில மட்டும் விடணும். அங்கேர்ந்து ரெண்டாவதுக்கு, ரெண்டாவதுலேர்ந்து முதலுக்கு. முதல் தொட்டித் தண்ணிதான் வெளிய போகும். அழுக்கு எல்லாம் அதுல. கடைசியா தொடற தண்ணி எப்பவும் சுத்தமா இருக்கும். அப்புறம் ஒவ்வொரு தொட்டிக்கும் நடுவுல நல்லாப் பிழியணும். சொட்டச் சொட்டத் தூக்கி அடுத்ததுல போட்டா அழுக்குத் தண்ணியும் கூடவே குடித்தனம் வந்துடும்."

தங்கை நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கல்யாணமாகி வந்த பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை அவள் அந்தப் பக்கம் அனுப்பியதில்லை.

"வெளிய போற தண்ணியில இருக்கறது பொட்டாஷ் அண்ணி. பயிருக்கு உரம். தோட்டக்காரங்க வந்து வாங்கிட்டே போவாங்க. ஐயோ, அத இத்தன நாளும் அடுப்புல போட்டிருக்கேனே!"

"சரி சரி, எழுந்திரு. எங்க பழைய பிழியற மெஷின் ஒண்ணு மூலையில கிடக்கு. அதத் தள்ளிட்டு வரச் சொல்றேன். பரீட்சை என்னிக்கு?"

"பத்தொன்பது நாள் இருக்கு. ஆனா பாய்லரு..."

"எங்க பாய்லர்தான். வேற யார் தருவா?" என்று சொல்லிவிட்டு சலவையம்மா கணவனைப் பார்த்தாள். "நீங்க என்னங்க வேடிக்கை பாத்துட்டு நிக்கறீங்க? குழாயத் திருப்பி மாட்டத் தெரியுமா தெரியாதா?"

அவருக்குத் தெரியும். மூன்று நாளில் மாட்டினார். மூன்றாவது தொட்டி உயரத்தில், முதல் தொட்டி தாழ்வில் என்று மேடை கட்டி, தண்ணீர் தானே வழிந்து பின்னோக்கி வரும்படி செய்தார். ஞாயிற்றுக்கிழமை சலவைக்கூடத்துப் பெண்கள் ஏழு பேர் வந்து சருகை அலசிப் பிழிந்தார்கள். அலசுவதில் அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தங்கை சாயங்காலம் கடைசித் தொட்டியில் கைக்குட்டையை முக்கி டிரம்மில் காயப்போட்டாள். மெத்தென்று காய்ந்தது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கைக்குட்டை காய்ந்தது. கைக்குட்டை விறைத்தால் அன்றைய சரக்கு திரும்பவும் தொட்டிக்குப் போகும். அது அந்தக் கொட்டகையின் சட்டமாகிவிட்டது.

பரீட்சை நாள் வந்தது. சுகாதார அதிகாரி காலை ஏழு மணிக்கே வந்து, பாய்லர் அறையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பேச்சே இல்லாத மனிதர். கேட்டால் மட்டும் தலையாட்டுவார், அதுவும் எந்தப் பக்கம் என்று தெரியாமல். முதல் வேலையாகக் கடப்பாரையைக் கேட்டு வாங்கித் தன் முக்காலிக்குப் பின்னால் சாத்தி வைத்துக்கொண்டார்.

ஏழரைக்குத் தீ பிடித்தது. பாய்லர்காரர் கண்ணாடித் துளை வழியே பார்த்தார். முதல் மணி. இரண்டாவது மணி. தங்கை கதவருகே சுவரோடு சுவராக நின்றாள். மூன்றாவது மணி வந்தபோது அவர் தீயின் நடுவே கறுப்புத் திட்டைத் தேடினார். இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேடினார். தட்டு முழுவதும் ஒரே சீராகத் தீ. புகைபோக்கியில் வெறும் அனல் மட்டும் அலைந்தது. புகை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நான்காவது மணி தாண்டியது.

ஐந்தாவது மணியில் முள் ஆடியது. ஆடி, மெல்ல இறங்கத் தொடங்கியது.

அதிகாரி முக்காலியை விட்டு எழுந்தார். பாய்லர்காரர் துளையில் பார்த்தார், தீயில் குறையில்லை. காற்றுப்பெட்டியில் கைவைத்தார், காற்றிலும் குறையில்லை. அப்படியென்றால் நீராவியை யாரோ குடிக்கிறார்கள். சலவைக்கூடத்துக்குள் ஓடினார். நான்கு தேய்ப்பு இயந்திரமும், உலர்த்தும் இயந்திரம் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எந்த நாளும் இரண்டுக்கு மேல் ஓட்டியதில்லை.

"அடியே, உனக்குப் பைத்தியமா? இன்னிக்குப் பாத்து எல்லாத்தையும் திறந்து விட்டிருக்க?"

சலவையம்மா விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னாள். "பின்ன? பாதி மெஷின் ஓடினதால தேறிச்சுன்னு நாளைக்கு ஒரு வாய் பேசக் கூடாது. பரீட்சைன்னா முழுப் பரீட்சை. நம்ம பொண்ணு சரக்கு தாங்கும். போய் அள்ளிப் போடுங்க."

நம்ம பொண்ணு. அந்தச் சொல்லைக் கேட்டு அவர் அரை விநாடி அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஓடினார். மூட்டையைப் பிரித்து அடுப்புக்கு எரிபொருள் ஊட்டும் தொட்டியில் கொட்டினார், காற்றைக் கூட்டினார். முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்று யோசித்தது. பெல்லட்டுகள் சடசடவென்று பிடித்துக்கொண்டன. முள் திரும்பியது. ஏறி, பழைய இடத்துக்கு வந்து, அதற்கும் மேலே போய் உட்கார்ந்தது. ஏழு இயந்திரத்தையும் தாங்கிக்கொண்டு அங்கேயே இருந்தது. மட்டரக நிலக்கரி பதினோரு வருடத்தில் ஒருநாளும் தாங்காத பாரம். அதிகாரி மறுபடி உட்கார்ந்தார்.

மூன்றரை மணிக்கு எட்டு மணி நேரம் முடிந்தது. தீ அடங்கும்வரை காத்திருந்தார்கள். இயந்திரங்களை நிறுத்திவிட்டுச் சலவைக்கூடமே பாய்லர் அறை வாசலில் வந்து நின்றது. பாய்லர்காரர் கதவைத் திறந்தார். அதிகாரி கடப்பாரையை எடுத்து நீட்டினார்.

அவர் அதை வாங்கவில்லை. சாம்பல் வாரும் கொத்தை எடுத்து உள்ளே விட்டு இழுத்தார். எங்கும் தட்டவில்லை, எங்கும் சிக்கவில்லை. சாம்பல் சலித்த மாவு மாதிரிச் சரிந்து வந்து தட்டில் விழுந்தது. இன்னொரு தடவை இழுத்தார். கம்பித்தட்டின் கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அந்தக் கம்பிகளை இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு முழுசாகப் பார்த்ததில்லை. ஆறிய ஓரத்திலிருந்து ஒரு பிடி அள்ளி அதிகாரியின் உள்ளங்கையில் போட்டார். அதிகாரி விரலால் நெருடிப் பார்த்தார். கல் இல்லை. ஒரு கடுகளவுகூட இல்லை.

"எவ்வளவு மூட்டை போட்டீங்க?" அன்றைக்கு அதிகாரி கேட்ட முதல் கேள்வி.

"முப்பத்திரண்டு."

"சாம்பல் இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

அதிகாரி தலையாட்டினார். இந்தத் தடவை எந்தப் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. "பதிவேடு கொடுங்க. பாய்லர் நடத்தினவர் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடணும், கீழ நான் போடணும். பக்கத்த நகல் எடுத்து நகராட்சிக் கூட்டத்துல வைப்பாங்க."

பாய்லர்காரர் பதிவேட்டைப் பிரித்தார். முந்தின நாள் வரை அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே வாக்கியம். அவர் கரிபடிந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பேனாவைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: 'கல் இல்லை. எரிபொருள் செய்தவள் என் தங்கை.'

எழுதி முடித்ததும் யாரும் கேட்காமலே தலையை உயர்த்தி, வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "குப்பையிலேர்ந்து செஞ்சது. தெருவுல கூட்டின குப்பை. என் கூடப் பொறந்தவ செஞ்சா."

தங்கை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

சலவையம்மா கணவனின் தோளுக்கு மேல் எட்டி, எழுதியதை வாய்விட்டுப் படித்தாள். "எல்லாம் சரி. அலசினது யார் சொன்ன முறையில? அது அந்த ஏட்டுக்குத் தேவையில்லையா?"

அவர் மறுபடி குனிந்து, இருந்த கொஞ்சம் இடத்தில் நுணுக்கி எழுதினார்: 'அலசும் முறை என் மனைவி.'

அதிகாரி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். நிதானமாகப் படித்தார். "இது அரசாங்கத்துக்குப் போற பக்கம். இதுல உறவெல்லாம் எழுத வேண்டியதில்ல," என்றார்.

"இருக்கட்டும் சார்," என்றார் பாய்லர்காரர். "பதினோரு வருஷமா அந்தக் கட்டத்துல கல்லத்தான் எழுதியிருக்கேன்."

அதிகாரி பேனாவை எடுத்தார். அவர் ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. அதன் கீழேயே கையெழுத்துப் போட்டு, தேதியைப் போட்டார்.